ஐந்து கம்பி பேஸ்: கோளாறைப் பார்த்துக் கம்பி வாங்குங்கள்

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் சபைப் பாடகர் குழுவிலும் கோயில் கொடை மெல்லிசையிலும் வாசிக்கிறவர்களின் பேஸ் கிட்டார்கள் என் மேசைக்கு வந்துபோகும். பெரும்பாலும் ஐந்து கம்பி. கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கம்பி சரியில்ல, எந்த செட் வாங்கட்டும்?" ஒரு செட்டின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பலருக்குக் கம்பியில் கோளாறே இருக்காது. இன்னும் பலருக்கு ஐந்தில் ஒன்றுதான் கோளாறு, அதுவும் ஐந்திலும் தடித்த, தாழ்ந்த சுருதிக் கம்பியான பி. அதனால் பேஸ் என்ன செய்கிறது என்பதை வைத்துத் தலைப்புகளைப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், ரிப்பேர்காரர் கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்று அளவுகள்

ஒன்று, ஸ்கேல் நீளம். நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் துண்டு) விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் 34 அங்குல பேஸ். பெரும்பாலானவை இதுதான். பதினேழரை வந்தால் 35.

இரண்டு, கம்பி ஏறும் நீளம். குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளக்க வேண்டும். பிரிட்ஜின் (உடல்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் உலோகப் பகுதி) பின்பக்கமாகக் கம்பி நுழைந்தால் ஒரு அளவு. உடலுக்குள் புகுந்து பின்புறம் குண்டு தெரிந்தால் ஓரிரு அங்குலம் கூடும். கம்பி வாங்கும்போது இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். பலரும் ஸ்கேலைச் சொல்லி வாங்கிவந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்று, இப்போது கிடக்கும் கம்பியின் தடிமன். லேத் பட்டறையில் வெர்னியர் கேட்டால் தருவார்கள். பி கம்பி 3.2 மி.மீ. இருந்தால் 125, 3.3 என்றால் 130, 3.4 என்றால் 135. ஐந்திலும் மெல்லிய ஜி கம்பி 1 மி.மீ. என்றால் 40, 1.14 என்றால் 45. இந்த 45, 130 எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. டடாரியோவின் சாதாரண நிக்கல் செட்டும் எர்னி பாலின் ரெகுலர் ஸ்லிங்கி ஐந்து கம்பி செட்டும் 45-65-80-100-130 என்றே வருகின்றன. இதை நடு அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதி பேஸ் பைக்குள் போட்டுவையுங்கள். அடுத்த தடவை யார் கேட்டாலும் அதை எடுத்துக் காட்டினால் போதும்.

## பி கம்பி தொளதொளவென்று இருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. காரணமும் ஒன்றல்ல, அதனால் வரிசையாகப் பாருங்கள்.

ஆம்பில் மட்டுமா, ஹெட்ஃபோனிலுமா?

ஃப்ரெட் எதையும் அழுத்தாத, திறந்த பி கம்பியின் சுருதி 30.87 ஹெர்ட்ஸ். நாலு கம்பி பேஸின் ஈ கம்பிகூட 41 ஹெர்ட்ஸ்தான். சின்னச் சபையில் சுவரில் தொங்கும் நெட்டைப் பெட்டி ஸ்பீக்கராலும், எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்பாலும் இந்த ஆழத்தைத் தர முடியாது. வாசிக்கிற பையன் வந்து, "அண்ணே, வீட்ல கேட்டா நல்லாருக்கு, சபையில பி கம்பி மட்டும் காணாமப் போகுது" என்றால் நான் கம்பியைத் தொடுவதே இல்லை. ஹெட்ஃபோனில் பி தெளிவாகக் கேட்டால் கம்பி நல்லது, காசு மிச்சம். ஆம்பில் பேஸ் குமிழை இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கர் உறுமும், சுருதி வராது. அதற்குப் பதில் லோ மிட் என்ற குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு ஸ்தாயி மேலே உள்ள 62 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ளவையும் கேட்டுவிட்டால், அடிச் சுருதியைக் காது தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

ஹெட்ஃபோனிலும் தொளதொளப்பு. கம்பி புதிதா?

பழையது என்றால் மேலே படிக்க வேண்டாம், முதலில் மாற்றுங்கள். பி கம்பியின் சுற்றுகளுக்கு இடையில் அழுக்கு நிறைய அடையும். மற்ற நான்கும் நன்றாக இருக்கும்போதே அது செத்துவிடும்.

புதிது என்றால் இரண்டு இலவச வேலைகள். பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் துண்டுதான் சேடில். அதைத் தாண்டியதும் கம்பியை விரலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். நட்டைத் தாண்டியதும் அதேபோல. தடித்த கம்பி சேடில் மேல் வில்லாக வளைந்து நிற்கும். அழுத்தினால் அந்த இடத்தில் தெளிவான மடிப்பு விழும். சுருதி கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையில் பி கம்பி உயிர் பெற்று எழுந்துவிட்ட பேஸ்கள் நிறைய. அடுத்தது, கம்பி மாட்டும்போது முறுக்கிக்கொண்டதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் தளர்த்தி, பெக்கிலிருந்து (சுருதி ஏற்றும் முளை) எடுத்து, தொங்கவிட்டு, அதுவாகச் சுழன்று நிற்கும்வரை விட்டு மறுபடி மாட்டுங்கள்.

இரண்டும் செய்தாகிவிட்டது. இனி தடிமன்.

34 அங்குல பேஸில் 130 பி கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 35 பவுண்டு. அதே செட்டின் டி கம்பி 50 பவுண்டு அளவில் நிற்கும். அதனால் எந்த செட்டிலும் பி கொஞ்சம் இளகலாகத்தான் தெரியும். அது அளவுக்கு மீறிப்போகும்போதுதான் கோளாறு.

125 போட்டிருந்தால் 130க்கு வாருங்கள். 130லேயே தொளதொளப்பு என்றால் 135. டடாரியோவில் 45-65-85-105-135 என்று முழு செட்டாகவே கிடைக்கிறது. மற்ற நான்கு கம்பிகள் கைக்குப் பழகிவிட்டன, அவற்றைத் தடிக்க வேண்டாம் என்றால் பி கம்பியை மட்டும் தனியாக வாங்கலாம். நம் ஊர்க் கடைகளில் ஒற்றைக் கம்பி கிடைப்பது அரிது, ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டியிருக்கும். பி மட்டும் வாங்கும்போது மற்ற நான்கும் எந்த கம்பெனியோ, எந்த உலோகமோ அதிலேயே வாங்குங்கள். நிக்கல் செட்டுக்கு நடுவே ஸ்டெயின்லெஸ் பி மட்டும் பளீரென்று தனியாகக் கத்தும்.

பாறசாலைப் பக்கத்துக் கானமேளாக் குழுக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, எங்க பாடகருக்கு எல்லாப் பாட்டும் அரை சுருதி தாழ்த்தணும்" என்று வந்தார். கம்பிகளையே அரை சுருதி இறக்கி வாசிக்கிற குழுக்களுக்கு 135க்குக் குறைந்து போடவே கூடாது. 130ஐ பி ஃப்ளாட்டுக்கு இறக்கினால் கம்பி ஃப்ரெட் மேல் படுத்துவிடும்.

நேர்மாறான கூட்டமும் உண்டு. ஈக்குக் கீழே போகிற பாட்டே வாசிப்பதில்லை, ஐந்து கம்பி இருந்தது, வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு 125 போதும். கைக்கும் லேசு.

135 போட்டால் நட்டில் உட்காரவில்லையா?

நட்டின் பள்ளம் 130க்கு வெட்டியிருக்கும். அதில் 135ஐத் திணித்தால் மேலே தொத்தி நிற்கும். திறந்த சுருதி சரியாக இருக்கும், முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் ஏறிப்போகும். சுருதி ஏற்றும்போது 'டிக்' என்று சத்தம் வந்தாலும் இதே கதைதான். இங்கே நிறுத்துங்கள். நட் பள்ளத்தை உப்புத்தாளாலோ கத்தியாலோ பெரிதாக்கினால், கூடுதலாகப் போன ஆழத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கென்று அளவுள்ள அரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், சிறிய வேலைதான்.

35 அங்குல பேஸ் வாங்கினால் சரியாகுமா?

அதே கம்பியில் இழுவிசை ஆறு சதவீதம் அளவுக்குக் கூடும். உதவும். ஆனால் இருக்கிற பேஸை விற்றுவிட்டு அதற்காக இன்னொன்று வாங்கும் அளவுக்கு அது பெரிய வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. 135 பி கம்பியை முதலில் போட்டுப் பாருங்கள்.

## கம்பி நீளம் ஒத்துவரவில்லை

மூன்று விதமாக வெளிப்படும்.

நட்டின் மேல் நூல் சுற்றிய பகுதி, அல்லது மெலிந்த பகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பி குட்டை. அந்தக் கம்பி சுருதியிலும் நிற்காது, ஒலியும் மங்கும். முதலில் அளந்த இரண்டாவது அளவை எடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் சுற்று நீளம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். உடல் வழியே கம்பி போகும் 35 அங்குல பேஸுக்குச் சூப்பர் லாங் அல்லது எக்ஸ்ட்ரா லாங் என்று அச்சிட்டது வேண்டியிருக்கும். உடல் வழியாகவும் பிரிட்ஜ் வழியாகவும் இரண்டு விதமாகப் போட முடிகிற பேஸ் என்றால், பிரிட்ஜ் வழியாகப் போட்டுப் பாருங்கள். அந்த ஓரிரு அங்குலம் மிச்சமாகி அதே கம்பி போதுமானதாகிவிடலாம்.

மெலியாத தடித்த பகுதியே பெக்கைச் சுற்றுகிறது. கம்பி நெட்டை. ஜி, டியில் தொந்தரவு இல்லை. 130 கம்பியை முழுத் தடிமனோடு பெக்கில் வளைத்தால் உள் கம்பி முறியும், அல்லது சுற்று அவிழ்ந்து ஒலி செத்துப்போகும். 34 அங்குல பிரிட்ஜ் வழி பேஸுக்கு லாங் ஸ்கேல் என்றே கேட்டு வாங்குங்கள். 'பெரிசா இருந்தா வெட்டிக்கலாம்' என்று கடைக்காரர் சொல்வது சேலைக்குச் சரி.

பெக் துளைக்குள் பி நுழையவே இல்லை. முனை மெலிந்த பி கம்பி என்று பார்த்து வாங்குங்கள். துளையைப் பெரிதாக்க முயல வேண்டாம்.

இதில் குழப்பம் ஒன்று உண்டு. மெலிந்த முனை இரண்டு இடத்தில் வரலாம். பெக் பக்கம் மெலிவது பெரும்பாலான பி கம்பிகளில் உண்டு. சேடில் பக்கமும் மெலிந்து, உள் கம்பி மட்டும் சேடில் மேல் உட்காரும் வகை தனி. இந்த இரண்டாவது வகையில் சேடில் மேல் கம்பி தாழ உட்காரும், அதனால் போட்டதும் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷன் இறங்கி ஃப்ரெட்டில் தட்டும்; சேடிலை ஏற்றினால் சரி. பேஸின் சேடில் ஏற்கெனவே கடைசி வரை ஏற்றியிருந்தால் இந்த வகையை வாங்காதீர்கள்.

## திறந்த கம்பி சரி, மேலே போகப் போக சுருதி விலகுகிறது

ட்யூனரே தடுமாறுகிறதா? செல்போன் மைக் 31 ஹெர்ட்ஸைப் பிடிக்கத் திணறும். ஊசி அங்கும் இங்கும் ஓடும். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் அடித்து அதை வைத்து சுருதி சேருங்கள். ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் கிளிப் ட்யூனர், அல்லது கேபிள் செருகும் ட்யூனர் இருந்தால் வம்பே இல்லை.

கம்பி பழையதா? பழைய கம்பியில் இன்டோனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒத்துவருவதை, சரிசெய்ய உட்காராதீர்கள். தேய்ந்த இடமும் அழுக்குப் படிந்த இடமுமாகக் கம்பியின் எடை ஒரே சீராக இருக்காது. எவ்வளவு திருகினாலும் பிடி கொடுக்காது.

புதுக் கம்பியிலும் விலகல். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்தி வாசித்த சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால், பிரிட்ஜின் வால் பக்கம் நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் நட் பக்கம். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த கம்பியைத் திரும்ப சுருதி சேர்த்துவிட்டே ஒப்பிட வேண்டும். பி சேடில் ஐந்தில் கடைசியாக, மிகப் பின்னால் நிற்பது இயல்பு.

பி சேடில் கடைசி வரை போய்விட்டது, இன்னும் ஏறியே இருக்கிறது. கம்பிக்கு அடியில் உள்ள காந்தப் பெட்டியான பிக்கப்பைப் பாருங்கள். பி பக்கம் பிக்கப் கம்பியை ஒட்டி ஏறியிருந்தால் காந்தம் கம்பியை இழுத்துப் பொய்ச் சுருதி காட்டும், மேல் ஃப்ரெட்டுகளில் கூடுதலாக. திருகைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்குங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால், சேடில் பக்கம் மெலிந்த பி கம்பி இங்கேதான் பயன்படும்: உள் கம்பி மட்டும் சேடிலில் நிற்பதால் எளிதாக வளைந்து இன்டோனேஷன் நேராகும். அதுவும் உதவாவிட்டால் பிரிட்ஜின் இடமே தப்பு. ரிப்பேர்காரர்.

## ஒலி மங்கிவிட்டது

பேட்டரி. ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரி உள்ள வகை) என்றால் கம்பிக்கு முன் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை பயிற்சிக்கு வந்து கேபிளைப் பிடுங்காமல் போனவர் ஞாயிறு காலை ஆராதனையில் 'கம்பி செத்துப்போச்சு' என்பார்.

பேட்டரி நல்லது, கம்பியில் பிசுபிசுப்பு. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து நீளமாகத் துடையுங்கள். விரற்பலகையில் சொட்டவிடாதீர்கள், அடியில் ஒரு காய்ந்த துணி விரித்துக்கொள்ளுங்கள். கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைக்கும் பழக்கமும் உண்டு. பளபளப்பு கொஞ்ச நாளைக்குத் திரும்பும், பிறகு முன்னைவிட வேகமாகப் போகும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் பெக்கில் வளைந்த இடம் பலவீனமாகும். நாளை மறுநாள் நிகழ்ச்சி, கையில் காசு இல்லை என்றால் செய்யலாம்.

துடைத்தும் தெளியவில்லை. மாற்றும் நேரம். என்ன வாங்குவது என்பது எப்படிப்பட்ட மங்கல் உங்களைத் தொந்தரவு செய்கிறது என்பதைப் பொறுத்தது. டிரம்ஸ், கீபோர்டு, மூன்று கிட்டார் நடுவே பேஸ் கேட்கவில்லை என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ரோட்டோசவுண்டின் ஸ்விங் பேஸ் 66 இந்த வகை. கட்டைவிரலால் அடித்து வாசிக்கிறவர்களுக்கும் இதுவே. கை உரசும் சத்தம் கூடும், ஃப்ரெட்டும் சீக்கிரம் தேயும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றால் நிக்கல் பூசியது. யோசிக்க நேரமில்லாதவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கீர்த்தனைகளுக்கும் பழைய மெல்லிசைக்கும் மட்டும் வாசிக்கிற பெரியவர்கள் சிலர் மங்கலையே விரும்புகிறார்கள். அவர்களுக்கு ஃப்ளாட்வவுண்ட், அதாவது தட்டைக் கம்பி சுற்றியது. அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்டுகளை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடையது நாலு கம்பி பேஸ் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஐந்து கம்பி ஃப்ளாட் செட்டில் பி கம்பி நல்லதா கெட்டதா என்பது கம்பெனிக்கு கம்பெனி மாறும், விலையும் கூடுதல். யாராவது போட்டிருந்தால் அவர் பேஸை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது

குளச்சல், முட்டம், இனயம், தூத்தூர் பக்கம் இருப்பவர்களின் பேஸ்களை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். உப்புக்காற்று ஒரு பக்கம். ஆனி ஆடி மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே நம் மாவட்டத்துக்கு உண்டு, அதனால் ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை. மேற்கொண்டு, பத்து நாள் திருவிழாவில் வியர்த்து வடிய வாசித்துவிட்டு அப்படியே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம்.

துரு கை படும் இடத்தில் மட்டுமா? வியர்வை. வாசிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடையுங்கள். அடிப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை.

கை படாத இடத்திலும், சேடில் திருகிலும் துருவா? காற்றும் பையும்தான். பைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் தெரியும். வெயிலில் பையை மட்டும் காயவையுங்கள். பேஸை வெயிலில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். மாதக்கணக்கில் ஒரே பொட்டலம் கிடந்தால் பிரயோசனம் இல்லை.

இதெல்லாம் செய்தும் துரு. இரண்டு வழி. ஸ்டெயின்லெஸ் போட்டால் துரு கிட்டத்தட்ட ஒழியும். அல்லது எலிக்சர் போன்ற பூச்சுள்ள கம்பி. சாதாரண செட்டைப் பார்க்க விலை நன்றாகவே கூடுதல், ஆனால் அடிக்கடி மாற்றும் கடலோரக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும். மலையோரம், குலசேகரம் திருவட்டாறு பக்கம் இருந்துகொண்டு வாரம் ஒரு தடவை மட்டும் வாசிக்கிறவருக்கு அந்தச் செலவு வீண். பிக் வைத்தோ அடித்தோ வாசித்தால் பூச்சு நார் நாராக உரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

விரல் நுனி அரித்துச் சிவந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். நைலான் டேப் சுற்றிய கம்பிக்கு மாறிப் பாருங்கள், அப்படியே தோல் மருத்துவரையும் பாருங்கள்.

## கம்பி மாற்றியதும் ஃப்ரெட்டில் தட்டுகிறது

தடிமன் மாறினால் நெக்கை இழுக்கும் விசையும் மாறும். லேசான கம்பி போட்டால் நெக் நிமிரும், தட்டும். தடித்தது போட்டால் முன்னால் வளையும், ஆக்‌ஷன் ஏறும். எங்கே தட்டுகிறது என்பதே விடையைச் சொல்லிவிடும்.

திறந்த கம்பி மட்டும் தட்டினால் நட் பள்ளம் ஆழம். ரிப்பேர்காரர்.

ஒன்று முதல் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குள் தட்டினால் நெக் அளவுக்கு மீறி நேராகிவிட்டது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கு அடியில் இடைவெளி பாருங்கள். 0.25 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கலாம். இடைவெளியே இல்லை என்றால் நெக்குக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். பேஸோடு வந்த ஆலன் கீதான் போட வேண்டும். ஏறத்தாழப் பொருந்துகிற வேறொன்று திருகின் வாயைத் தேய்த்துவிடும். கால் சுற்று மட்டும் திருப்பி, சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் பலம் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் நிறுத்துவதுதான் மலிவு.

பன்னிரண்டுக்கு மேல் தட்டினால் சேடில் தாழ்வு. அரைச் சுற்று ஏற்றுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. அதற்குக் கம்பி மருந்து இல்லை.

ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழு ஃப்ரெட் வரை ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடுகிறதா? அது நெக்கின் குணம், பல நல்ல பேஸ்களிலும் உண்டு. செட் செட்டாக மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். அதே சுரத்தை டி கம்பியில் எடுத்து வாசியுங்கள்.

மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் நெக் கொஞ்சம் அசையும். எந்தப் பக்கம் என்பது மரத்துக்கு மரம் மாறும். அந்த வாரங்களில் வந்த தட்டலுக்குப் புதுக் கம்பியைக் குற்றம் சொல்லும் முன் மேலே சொன்ன இடைவெளியை அளந்துவிடுங்கள்.

## கம்பி அறுகிறது

பேஸ் கம்பி அறுவதே அபூர்வம். ஒரு தடவை என்றால் விடுங்கள். திரும்ப அறுந்தால் அறுந்த துண்டை எடுத்து எந்த இடம் என்று பாருங்கள். சேடிலிலோ பெக் விளிம்பிலோ ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே உலோகப் பிசிறு இருக்கும். 600ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பெக்கின் பக்கத்தில் சுற்று அவிழ்ந்து போயிருந்தால், மாட்டும்போது செய்த தவறு: கம்பியை வெட்டும் முன் வெட்டப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள் கம்பியைச் சுற்றியிருப்பது நழுவும், கம்பி உள்ளவரை ஒலி தேறாது. பெக்கைத் தாண்டி பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பி கம்பிக்கு இரண்டு சுற்று போதும்.

## ஒரு கம்பி மட்டும் சத்தமாக, அல்லது மெதுவாக

பிக்கப்பின் உயரத்தைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். கூடுதல் சத்தம் பி பக்கம் என்றால் அந்த முனையை இறக்குங்கள், ஜி பக்கம் என்றால் அதை. டி கம்பிதான் இழுவிசை கூடியது, அது முன்னால் நிற்பது பல செட்டுகளில் பழக்கம். 65க்குப் பதில் 60 போட்டால் அடங்கும். ஒரு கம்பி மட்டும் புதிது, மற்றவை பழையவை என்றால் இரண்டு வாரம் பொறுங்கள்.

## புதுக் கம்பி போட்டதும் ஆம்பில் இரைச்சல்

கம்பியைத் தொட்டால் இரைச்சல் நிற்பதும், விட்டால் வருவதும் பெரும்பாலான பேஸ்களில் இயல்பு. நைலான் டேப் கம்பி போட்ட பிறகு தொட்டும் நிற்கவில்லை என்றால், விரல் உலோகத்தைத் தொடாததுதான் காரணம். உலோகக் கம்பியிலேயே தொட்டும் நிற்கவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கும். சால்டரிங் தெரிந்தவர் போதும். தொட்டால் கையில் சுரீரென்று அடிக்கிறதா? உடனே கேபிளைப் பிடுங்குங்கள். அது மேடையின் மின்சார எர்த் கோளாறு, எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மறுபடி செருகக் கூடாது. கொடை மேடைகளில் ஜெனரேட்டர் ஓடும்போது இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

## கடையில்

பாக்கெட்டில் ஐந்து எண்களும் இருக்கிறதா, ஸ்கேல் நீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாலு கம்பி செட்டும் தனி பி கம்பியும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தால், இரண்டும் ஒரே கம்பெனியா என்று கேளுங்கள். பாதி விலைக்குப் பெரிய பெயர் கிடைத்தால் போலி. அச்சு மங்கலாக இருக்கும், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், பி கம்பியை வெர்னியரில் வைத்தால் எழுதிய எண்ணுக்கும் அதற்கும் ஒட்டாது.

நட், ஃப்ரெட், திரும்பாத டிரஸ் ராடு, முறுக்கிப்போன நெக், தூக்கிக்கொண்ட பிரிட்ஜ்: இவற்றுக்கு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இந்த வேலையே செய்கிறவரிடம் போங்கள். பழைய கம்பியோடு பேஸை மட்டும் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் வேறு தடிமன் மாட்டினால் அவர் செய்த செட்டிங் எல்லாம் மாறிவிடும். போகும்போதே புதுச் செட்டையும், அளவு எழுதிய தாளையும், அரை சுருதி இறக்கி வாசிப்பீர்களா என்பதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். கம்பியை அவரே மாட்டட்டும்.